ரைட்டிங்கில ஒரு அரை

கல்முனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டது, 11 பெப்ரவரி 2024:

"அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். யூகே போறதுக்கு ஐஇஎல்டிஎஸ் எண்ட இங்கிலீஸ் சோதினை எடுக்கிறன். போன மாசம் எழுதினதோட மூண்டு தரம். மூண்டு தரமும் ரைட்டிங் 6. இந்த முறை லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் 6.5 வந்தாப் போதும், அது மட்டும் வருகுதில்ல. ரியூசன் சேர் 500 சொல்லு தந்திருக்கார், எல்லாம் பெரிய பெரிய சொல்லு. பாதி பாடம். ரீமார்க்கிங் போடுவமா? இல்லாட்டி இது நமக்குச் சரிவராதா? நான் ஏ.எல். வரைக்கும் தமிழ் மீடியம்."

11 பெப்ரவரி 2024, இரவு

தங்கச்சி, அந்த 500 சொல்லையும் பொட்டலமாக் கட்டி மட்டக்களப்பு வாவியில போடுங்க. மீன் பாடமாக்கட்டும். எங்கட மீனுக்குத்தான் பாட்டு வருமே.

முதல்ல கணக்கு. 7.5, 7, 6, 7. கூட்டினா 27.5. நாலாப் பிரிச்சா 6.875. கால் வந்தா அடுத்த அரைக்கு ஏத்துவாங்க, முக்கால் வந்தா அடுத்த முழுசுக்கு. அதால மொத்தம் 7. ஆனா மொத்தத்த வச்சு உங்களுக்கு ஒண்டும் ஆகாது. யூகே தாதியர் சபை ஒவ்வொண்டாப் பாக்கும்: லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூண்டும் 7, ரைட்டிங் 6.5. முந்தி ரைட்டிங்குக்கும் 7 கேட்டவங்க, 2018 டிசம்பர்ல தான் இறக்கினாங்க. மூண்டு கதவு திறந்திட்டுது, ஒண்டு மட்டும் ஒருக்களிச்சு நிக்குது. மற்ற மூண்டையும் இப்ப தொட வேணாம். முழு நேரமும் ரைட்டிங்.

ரீமார்க்கிங் போடுறதெண்டா சோதினை எழுதின நாள்ல இருந்து ஆறு கிழமைக்குள்ள போட வேணும். புள்ளி மாறினாக் காசு திரும்பி வரும். நான் 2012ல போட்டன். மாறல்ல, காசும் வரல்ல. ஒருக்கா 6 வந்தா யோசிக்கலாம். மூண்டு தரமும் 6 வந்தா, மூண்டு தரத்திலயும் மூண்டு பேர் ஒரே பிழைய விட்டிருப்பாங்களா?

நீங்க எழுதின கட்டுரை ரெண்டு அனுப்புங்க. சேர் திருத்தினது வேணாம். உங்கட கையால வந்தது வந்தபடி.

12 பெப்ரவரி, காலை

தமிழ் மீடியம் கதைக்கு வாறன். ராவு நித்திர வந்திட்டுது.

மட்டக்களப்பில மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கினது 1814ல. பாதிரிமார் கப்பல்ல வந்து இறங்கி இருநூறு வருசம் தாண்டிட்டுது, நாம இன்னும் "இங்கிலீஸ் நமக்குச் சரிவராது" எண்டு பறைஞ்சிட்டு இருக்கம். உங்களுக்குப் பக்கத்தூர் காரைதீவு. 1892ல அங்க பிறந்த பிள்ளதான் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் சோதினையும் பாஸ் பண்ணி, லண்டன் பட்டமும் எடுத்து, கடைசியில விபுலானந்த அடிகளா வந்தவர். தமிழ் நல்லா வந்தவருக்கு இங்கிலீஸ் வராமப் போகல்ல.

அதுக்காக எல்லாரும் விபுலானந்தர் ஆக வேணும் எண்டில்ல. 6.5 எடுத்தாப் போதும்.

14 பெப்ரவரி

ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தார், "நீங்க ஆர், எத்தின எடுத்தீங்க" எண்டு. நியாயமான கேள்வி.

நான் கல்லடி. சுனாமிக்குப் பிறகு இந்த ஊருக்கு வெள்ளக்காரர் லொறி லொறியா வந்த காலத்தில, ஒரு என்ஜிஓவில மொழிபெயர்ப்பாளன். ஓ.எல். இங்கிலீஸ் ஒரு 'சி'. அதோட போய் நிண்டன். முதல் கிழமையே ஒரு கூத்து. எங்கட வெளிநாட்டு மேலதிகாரி அம்மாவுக்கு கோப்பி குடுப்பம் எண்டு போய், "டூ யூ வோண்ட் கொப்பி?" எண்டு கேட்டன். அவ சிரிச்ச முகத்தோட நாப்பது பக்க அறிக்கையத் தூக்கிக் கையில தந்து "ரெண்டு" எண்டா. நான் ரெண்டு கோப்பியோட திரும்பி வந்தன். அண்டைக்குத்தான் ஃப எண்ட எழுத்து உலகத்தில எதுக்கு இருக்கு எண்டு விளங்கினது. நமக்குக் கொப்பி வேற, கோப்பி வேற, நெடிலால வித்தியாசம். அவங்களுக்கு உதட்டால வித்தியாசம்.

ஆறேழு வருசம் நாள் முழுக்க இங்கிலீஸ்ல பறைஞ்ச பிறகு, 2011ல நெஞ்ச நிமித்திட்டுப் போய் சோதினை எழுதினன். ஸ்பீக்கிங் 7.5. ரைட்டிங் 5.5. அந்தத் தாளப் பாத்து ரெண்டு நாள் வீட்டில ஆரோடயும் கதைக்கல்ல. 2012ல ரைட்டிங் 6. 2016ல 7. அதுக்குள்ள போக இருந்த படிப்பும் போகல்ல, என்ஜிஓவும் போயிட்டுது. இப்ப விறாந்தையில அஞ்சாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறன். பெரிய புள்ளிக்காரன் எண்டு நினைச்சு வந்தவங்க திரும்பிப் போகலாம். 5.5ல இருந்து 7க்கு நடந்து வந்த பாதைதான் எனக்குத் தெரிஞ்சது.

18 பெப்ரவரி

தங்கச்சிட கட்டுரை ரெண்டும் வந்திட்டுது. அவட சம்மதத்தோட கதைக்கிறன்.

முதலாவது, வயசு போனவங்கள வீட்டில வச்சுப் பாக்கிறதா இல்லத்தில விடுறதா, நீங்க எவ்வளவு உடன்படுறீங்க எண்டு கேட்ட கேள்வி. 250 சொல்லு கேட்டதுக்கு 387 சொல்லு எழுதியிருக்கா. கூட எழுதினாப் புள்ளி வெட்ட மாட்டாங்க, ஆனாப் பிழை விடுறதுக்கு நாமளே இடம் கூட்டிக் குடுக்கிறம். தொடக்கம் "இன் திஸ் மொடர்ன் எரா". எனக்குத் தெரிஞ்சு கிழக்கு மாகாணத்தில எழுதப்படுற கட்டுரையில பாதி இந்த வரியிலதான் தொடங்குது. கொழும்பிலயும் அப்பிடித்தானாம். பரீட்சகருக்கு இது பாடமாக்கின வரி எண்டு முதல் மூச்சிலயே தெரியும். பாடமாக்கினதுக்கு அவங்க புள்ளி குடுக்கிறதில்ல.

நான் செய்யிற வேலை ஒண்டு. வசனம் வசனமா எண்ணி, எதில ஒரு பிழையும் இல்லையோ அதுக்கு மட்டும் பச்சைக் கோடு போடுவன். அவட கட்டுரையில 17 வசனம். பச்சை 5. புள்ளித் திட்டம் ரகசியமில்ல, பொதுவில போட்டிருக்காங்க. இலக்கணத்துக்கு 7 எடுக்க, பிழையில்லாத வசனம் அடிக்கடி வர வேணும். 6க்கு, பிழை இருந்தாலும் விளங்கினாச் சரி. 5 பச்சையோட இருந்தா 6ல தான் நிப்பீங்க.

பிழை என்ன பிழை? பெரிய பிழை ஒண்டுமில்ல. இங்கிலீஸ்ல பெயர்ச்சொல்லுக்கு முன்னால வாற 'த', 'எ', 'ஆன்'. ஒரு கட்டுரையில 14 இடம். மறுகா பன்மைக்கு வால்ல போடுற 'எஸ்'. எங்கட மொழியில இந்த 'த' எண்ட சாமான் இல்ல. "வைத்தியர் வந்தார்" எண்டா எந்த வைத்தியர் எண்டு கேக்கிறவருக்கே தெரியும். அவங்களுக்கு அதச் சொல்லித்தான் ஆக வேணும், தெரிஞ்ச ஆளா, புது ஆளா எண்டு. நான் பிள்ளைகளுக்குச் சொல்றது: ஊருக்குள்ள முதல் தரம் காலடி எடுத்து வைக்கிறவன் 'எ'. ரெண்டாம் தரம் வந்தா அவன் 'த'. முழுசாச் சரியில்ல, பாதி இடத்துக்கு உதவும்.

ஆகவே வைத்தியம்: கடைசி அஞ்சு நிமிசம் வேற ஒண்டும் பாக்காம, பெயர்ச்சொல் ஒவ்வொண்டுக்கும் முன்னால விரல வச்சு, இங்க 'த' வேணுமா எண்டு மட்டும் பாருங்க.

20 பெப்ரவரி

சின்னத் திருத்தம். தனிச் செய்தியில ஒருத்தருக்கு "ரீடிங்கில 40க்கு 30 சரி எண்டா 7" எண்டு சொன்னன். சம்மாந்துறைத் தம்பி ஒருத்தர் பிடிச்சிட்டார். அது அகடமிக் தாளுக்கு, படிப்புக்கும் தொழில் பதிவுக்கும் எழுதுறது. குடியேறப் போறவங்க எழுதுற ஜெனரல் தாள் லேசு எண்டபடியால் 7க்கு 34 அளவில வேணும். அவர் கனடாவுக்குப் போடுறவர், ஜெனரல்தான் எழுதுறார், என்ட கணக்க நம்பி நாலு கேள்வியக் கோட்டை விட்டிருப்பார். லிஸனிங் ரெண்டு பேருக்கும் ஒரே தாள், 30க்கு 7, 35க்கு 8. கனடாக்காரருக்கு லிஸனிங் 8 வேணும், மற்ற மூண்டும் 7. அதுதான் அங்க மொழிக்கு ஒம்பதாம் நிலை எண்டு சொல்றது.

மன்னிச்சுக்குங்க தம்பி.

3 மார்ச்

ரீடிங் பற்றி ஆரும் கேக்கல்ல, ஆனா நேத்து விறாந்தையில நடந்த சண்டையச் சொல்லியாக வேணும். உண்மை, பொய், சொல்லப்படவில்லை எண்டு மூண்டு விடை இருக்கே, அதுதான்.

நானே ஒரு பந்தி எழுதிக் குடுத்தன்: "கல்லடிப் பாலம் 1924ல கட்டப்பட்டது. அப்ப இருந்த தேசாதிபதி வில்லியம் மன்னிங்கின்ட மனைவிட பேர அதுக்கு வச்சாங்க." அவ்வளவுதான். கேள்வி ஒண்டு: பாலத்துக்குத் தேசாதிபதிட மனைவிட பேர். எல்லாரும் உண்மை எண்டாங்க. செரி. கேள்வி ரெண்டு: பாலம் மரத்தால கட்டப்பட்டது. அஞ்சு பேரும் சேர்ந்து "பொய்!" ஒருத்தன் எழும்பி நிண்டிட்டான். "சேர், நான் நாளுக்கு ரெண்டு தரம் அதில போறன், அது இரும்பு."

இரும்புதான் மகன். பந்தியில இரும்பு எண்டு எங்க இருக்கு? மரம் எண்டு எங்க இருக்கு? இல்லாட்டி விடை, சொல்லப்படவில்லை.

அவன் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளல்ல. பாலத்த எங்களுக்கு அவ்வளவு தெரியும். தெரிஞ்ச விசயத்தில தான் ஆக்கள் விழுறாங்க. தேனீ, பவளப்பாறை, பழைய கடிகாரம் எண்டு தாள்ல என்ன வந்தாலும், உங்களுக்கு அதப் பற்றித் தெரிஞ்சதையெல்லாம் வாசல்ல செருப்போட கழட்டி வச்சிட்டுப் போங்க.

(புதுப் பாலம் 2013ல திறந்தாங்க. பழைய பாலத்தில இப்ப வாகனம் பெரிசா ஓடுறதில்ல, அதால பையன்ட நாளுக்கு ரெண்டு தரம் கதையையும் நான் நம்பல்ல.)

9 மார்ச்

வாழைச்சேனையில இருந்து ஒரு தாத்தா (முஸ்லிம் ஆக்கள் அக்காவ அப்பிடித்தான் சொல்றது) லிஸனிங் 6ல நிக்குது எண்டு எழுதியிருந்தா. அவட காதில பிழையில்ல, கையில தான் பிழை. பதிவு ஒரே ஒரு தரம்தான் ஓடும். விடை காதுக்கு வந்திட்டுது, எழுத்துக் கூட்டேக்க போயிட்டுது. 'அக்கமடேஷன்' எண்ட சொல்லுக்கு ரெண்டு சி, ரெண்டு எம். 'கவர்ன்மென்ட்', 'என்விரோன்மென்ட்' ரெண்டிலயும் நடுவில ஒரு என் ஒளிச்சிருக்கு. எழுத்துப் பிழை எண்டா அந்தக் கேள்விக்குப் பூச்சியம். இரண்டு சொல்லுக்கு மேல எழுதாதே எண்டு சொல்லியிருக்க மூண்டு எழுதினாலும் பூச்சியம். பிழையான விடைக்கு வெட்டுப்புள்ளி இல்ல, அதால ஒரு கட்டத்தையும் வெறுமையா விட வேணாம்.

மறுகா, முதல் பகுதியில ஆள் மாத்திக் கதைப்பார். "பதினஞ்சாம் தேதி... இல்லில்ல, பதினாறு." பதினஞ்ச எழுதிட்டு நிமிர்ற ஆக்கள் கனபேர். தேர்ட்டீன், தேர்ட்டி ரெண்டுக்கும் அழுத்தம் எங்க விழுது எண்டு பாருங்க. பிந்தி விழுந்தா பதின்மூண்டு, முந்தி விழுந்தா முப்பது.

பயிற்சிக்கு எனக்கு உதவினது ஒண்டே ஒண்டு. நாலாம் வகுப்பில செய்த சொல்வதெழுதல். செய்தியில ஒரு நிமிசம் எடுத்து, நிப்பாட்டி நிப்பாட்டி முழுசா எழுதுறது. ஒரு நிமிசத்துக்கு முதல் நாள் நாப்பது நிமிசம் போச்சு. அரை மணித்தியாலம் படம் பாக்கிறதவிட அது கனதியான வேலை. படத்துக்குக் கீழ எழுத்து ஓடினா நாம கேக்கிறதில்ல, வாசிக்கிறம்.

10 மார்ச்

லிஸனிங்கக் கொம்பியூட்டரில எழுதினா கடைசியில விடையப் பாக்க ரெண்டு நிமிசம்தான். தாள்ல எழுதினாத்தான் விடைத்தாளுக்கு மாத்த பத்து நிமிசம். என்ட பிள்ளையளுக்குப் பத்து நிமிசம் எண்டு பழக்கிட்டன். ரெண்டுக்கும் பழகுங்க.

24 மார்ச்

தங்கச்சி எழுதின புதுக் கட்டுரை நாலு பாத்தன். பச்சை கூடியிருக்கு. ஒண்டில 13 வசனத்தில 8. சந்தோசம். ஆனா எனக்கு என்னமோ இடிக்குது. இத நான் பரீட்சகரா இருந்தா 6.5 குடுப்பனா? தெரியல்ல. பிழை குறைஞ்சிட்டுது, ஆனாக் கட்டுரையில ஆள் இல்ல.

யோசிச்சிட்டுச் சொல்றன்.

25 மார்ச்

யோசிச்சன். பெப்ரவரியில 'த', 'எ' எண்டு நான் துள்ளினது பாதி உண்மைதான். நாலு பாகமாப் புள்ளி போடுறாங்க: கேட்டதுக்குப் பதில், ஒழுங்கும் தொடர்பும், சொல், இலக்கணம். ஒவ்வொண்டும் கால் பங்கு. நான் நாலாவதத் திருத்தினன், ஓட்டை முதலாவதில இருக்கு.

கேள்வி, நீங்க எவ்வளவு உடன்படுறீங்க எண்டு. தங்கச்சி ஒரு பந்தி வீட்டில வச்சுப் பாக்கிறதுட நன்மை, ஒரு பந்தி இல்லத்துட நன்மை, கடைசியில "ரெண்டிலயும் நன்மை தீமை இருக்கு" எண்டு முடிக்கிறா. ஓ.எல்.ல நமக்குப் பழக்கினது அது. எதக் கேட்டாலும் நன்மை, தீமை, முடிவுரை. நானும் 2011ல அதத்தான் செய்தன். 7க்கு என்ன எழுதியிருக்கு எண்டா, தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் எழுதினவர் எந்தப் பக்கம் எண்டு தெளிவா இருக்க வேணும். தங்கச்சி எந்தப் பக்கமும் இல்ல. வார்ட்டில ரெண்டு சொந்தக்காரர் சண்டை பிடிச்சா நடுவில நிண்டு சமாதானம் பண்ற மாதிரி எழுதுறா.

எங்கட ஆக்களுக்கு மூஞ்சிக்கு நேர "இல்ல" எண்டு சொல்லிப் பழக்கமில்ல, அதுதான் காரணம் எண்டு ஒரு பெரிய தத்துவம் எழுதினன். இப்ப அழிச்சிட்டன். எங்கட ஆக்கள் சந்தையில மீன் விலைக்கு "இல்ல" எண்டு சொல்றதக் கேட்டிருக்கீங்களா? பழக்கத்தில குறையில்ல, பழக்கினதில குறை.

28 மார்ச்

கேட்டன், "கட்டுரைய விடுங்க, உங்கட வார்ட்டில வயசு போனவங்கள எப்பிடிப் பாக்கிறாங்க?" எண்டு. தமிழ்ல, போன்ல தட்டி அனுப்பினா. அவ விரும்பினபடி கொஞ்சம் மாத்திப் போடுறன்:

"அண்ணா, மூண்டு பிள்ள உள்ள ஒரு அப்பா. சுகமாகிட்டார், வீட்ட போகலாம். ஆரும் கூட்டிட்டுப் போக வரல்ல. எட்டு நாள் எங்களோடயே இருந்தார். ஒவ்வொரு நாளும் முகம் கழுவிச் சேட்டுப் போட்டு வெளிக்கிட்டு இருப்பார். பிள்ளைகள் கெட்டவங்க இல்ல அண்ணா. ஒண்டு கட்டார்ல, ஒண்டு கொழும்பில, ஒண்டு கைக்குழந்தையோட. பாக்க ஆளில்ல. எனக்கெண்டா, பகல்ல கொண்டு விட்டுப் பின்னேரம் கூட்டிட்டுப் போற மாதிரி ஒரு இடம் இருந்தா அந்த அப்பா அழுதிருக்க மாட்டார்."

வாசிச்சிட்டுச் சும்மா இருந்தன் கொஞ்ச நேரம்.

மறுகா எழுதினன்: தங்கச்சி, இதுதான் உங்கட கட்டுரை. ஒரு பக்கம் இருக்கு, காரணம் இருக்கு, ஒரு ஆள் இருக்கார், ஆரும் யோசிக்காத ஒரு வழியும் இருக்கு. இத உங்கட சின்னச் சொல்லால இங்கிலீஸ்ல எழுதுங்க. சோதினைத் தாள்லயே சொந்த அனுபவத்தில இருந்து உதாரணம் குடு எண்டு எழுதியிருக்கு, நாங்கதான் அத வாசிக்கிறதில்ல. பகல் பராமரிப்பு எண்டதுக்கு அவங்களிட்ட 'டே கேர்' எண்டு ரெண்டு சின்னச் சொல்லு இருக்கு. அந்த 500ல இது இல்ல, நான் பாத்திட்டன்.

6 ஏப்ரல்

எழுதி அனுப்பினா. 271 சொல்லு. "இன் திஸ் மொடர்ன் எரா" இல்ல. 14 வசனத்தில பச்சை 9.

7 ஏப்ரல்

ஏறாவூர்த் தம்பி கேக்கிறார், "அப்ப பெரிய சொல்லு வேணவே வேணாமா?" எண்டு. வேணாம் எண்டில்ல தம்பி. சொல்லு எதோட சேரும் எண்டு தெரிஞ்சா எடுங்க. தமிழ்ல மழை 'பெய்யும்', காத்து 'வீசும்', பனி 'கொட்டும்'. மழை வீசுது எண்டா சிரிப்பீங்க. அவங்களுக்கும் அப்பிடித்தான் சிரிப்பு வரும். சொல்லத் தனியாப் பாடமாக்காம, அதுட சோடியோட சேத்துப் பாடமாக்குங்க. கலியாண வீட்டுக்குச் சொல்றதெண்டாலும் சோடியாத்தானே சொல்றம்.

ரைட்டிங்கில கட்டுரைக்கு முந்தி ஒரு வரைபடத்த விபரிக்கிற வேலை இருக்கு, அதப் பற்றியும் கேட்டிருந்தார். 150 சொல்லு, 20 நிமிசம், அதுக்கு மேல ஒரு நிமிசமும் குடுக்காதீங்க. கட்டுரைக்கு அதவிட இரு மடங்கு பெறுமதி. வரைபடத்தில ஏன் கூடினது, ஏன் குறைஞ்சது எண்டு காரணம் தேட வேணாம். தரவில இல்லாத காரணம், பாலத்துக்கு இரும்பு மாதிரி. முழுப் படத்தில கண்ணுக்குத் தெரியிற பெரிய விசயம் ரெண்ட ஒரு வசனத்தில சொல்லிட்டு, மறுகா எண்ணிக்கைக்குப் போங்க.

22 மே

கண்ணகை அம்மன் சடங்கு. எல்லாப் பக்கமும் ஒலிபெருக்கி. பிள்ளைகள் "சேர், இண்டைக்கு லிஸனிங் ஏலாது" எண்டாங்க. நான் விடல்ல. காதில மாட்டிட்டு உடுக்குச் சத்தத்துக்குள்ள ஒரு முழுத் தாள் செய்தாங்க. புள்ளி கீழ போகும் எண்டு பாத்தா ஒருத்திக்கு ரெண்டு கூடியிருக்கு. கேட்டா, "ஒரு சொல்லையும் விடக் கூடாதெண்டு மூச்சப் பிடிச்சிட்டுக் கேட்டன் சேர்" எண்டா. அம்மன் அருள் எண்டு அவட உம்மம்மா... இல்ல, அம்மம்மா சொன்னா. (நேத்துக் காத்தான்குடியில இருந்த நினைவு இன்னும் வாயில நிக்குது.)

16 ஜூன்

கச்சான் காத்து தொடங்கிட்டுது. தங்கச்சி ஜூலைக்குப் பதிஞ்சிட்டா. இந்த முறையும் கொழும்புதான்.

ஒரு புத்தி மட்டும். முதல் நாளே போய் நில்லுங்க. 2011ல நான் இரவு மெயில்ல ஏறி, விடிய கோட்டையில இறங்கி, குழாயில முகம் கழுவி, நேரா மண்டபத்துக்குப் போனவன். மூண்டாம் பகுதி லிஸனிங் ஓடேக்க கண்ண மூடித் திறந்தன், நாலாம் பகுதி ஓடுது. லிஸனிங்கில எனக்கு அப்ப வந்த 6.5க்கு ரயில்லயும் ஒரு பங்கு. வெள்ளவத்தையில சொந்தக்காரர் இருந்தாப் போய்ப் படுங்க. பாஸ்போட்ட மறக்க வேணாம்.

20 ஜூலை

ரிசல்ட் வந்திட்டுது.

லிஸனிங் 7.5. ரீடிங் 7.5. ரைட்டிங் 6.5.

ஸ்பீக்கிங் 6.5.

20 ஜூலை, இரவு

பிழை என்னில. பெப்ரவரியில "மற்ற மூண்டையும் தொட வேணாம்" எண்டு சொன்னது நான்தான். மேல போய்ப் பாருங்க, அழிக்கல்ல. அஞ்சு மாசம் அந்தப் பிள்ள எழுதிச்சு, வாயத் திறந்து இங்கிலீஸ் பறையல்ல. பேச்சு, வள்ளம் மாதிரி. கரையில ஏத்தி வச்சா வெடிச்சிரும்.

நடந்தது என்ன எண்டு கேட்டன். ரெண்டாம் பகுதி, தண்ணிக்குப் பக்கத்தில உள்ள ஒரு இடத்த விபரிக்கச் சொல்லி அட்டை குடுத்திருக்காங்க. யோசிக்க ஒரு நிமிசம், கதைக்க ரெண்டு நிமிசம் வரைக்கும். பழைய ரியூசன்ல 'அழகான இடம்' எண்டு நுவரெலியாவப் பாடமாக்கி வச்சிருந்தவ. பாதி வந்திச்சு, பாதி வரல்ல, ஒரு நிமிசத்தில நிண்டிட்டா. வாவிக் கரையில வாழ்ற பிள்ள! பறுவத்தில வள்ளத்தில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற முனையில காத வச்சா மீன் பாட்டுக் கேக்கும் எண்டு சின்னதில இருந்து கேட்டு வளந்திருப்பா. அதச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிசம் போதாமப் போயிருக்கும். உச்சரிப்பில ஊர் மணம் இருந்தாப் பரவால்ல, விளங்கினாப் போதும். நிண்டு போனதுக்குத்தான் வெட்டு.

கட்டுரையில ஆளக் கொண்டு வந்தம், வாயில கொண்டு வர மறந்திட்டம்.

21 ஜூலை, விடிய

ஆராவது இத முதல்லயே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? இல்ல, நான்தான் முதல்லயே போய் வாசிச்சிருக்க வேணும். திருக்கோவில்ல இருந்து ஒரு அக்கா, லண்டன்ல நர்ஸா இருக்கிறவ, ராவு எழுதியிருக்கா. தாதியர் சபை ரெண்டு சோதினைட புள்ளியச் சேத்துப் பாக்கும். 2023ல இருந்து அந்த ரெண்டுக்கும் இடையில பன்னிரண்டு மாசம் வரைக்கும் இருக்கலாம். ரெண்டிலயும் சேத்து நாலுக்கும் வேண்டிய புள்ளி வந்திருக்க வேணும், ஒண்டிலயும் ரைட்டிங் 6க்குக் கீழயோ மற்றதுகள் 6.5க்குக் கீழயோ போயிருக்கக் கூடாது.

எடுங்க பேனைய. ஜனவரித் தாள்: 7.5, 7, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 7. ஜூலைத் தாள்: 7.5, 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5. ஸ்பீக்கிங்க அங்க இருந்து, ரைட்டிங்க இங்க இருந்து. ஒண்டும் தடைக்குக் கீழ போகல்ல. ஆறு மாச இடைவெளி.

தங்கச்சி நைட் டியூட்டியில இருப்பா. செய்தி போட்டிருக்கன். இன்னும் பாக்கல்ல.

21 ஜூலை, காலை 7.50

பாத்திட்டா. ஒரு வரிதான் பதில், இங்கிலீஸ்ல: "அண்ணா, ஐ ஆம் க்ரையிங் இன் வார்ட்."

நான் எழுதினன்: "இன் 'த' வார்ட்."

"அண்ணா, ஒருக்கா விடுங்க."